இன்காக்னிட்டோ யாரிடம் மறைக்கும், யாரிடம் மறைக்காது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை திருநகரில் ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் சேர்த்து நடத்துகிறேன். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், ஆதார் பிரிண்ட், காலேஜ் ஃபீஸ் என்று வருகிறவர்கள், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மெதுவாகக் கேட்கும் கேள்விகளில் நிறைய பிரவுசரில் இருக்கும் இன்காக்னிட்டோ ஜன்னலைப் பற்றியவை. அதைப் போட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று சிலர் நம்புகிறார்கள். அதெல்லாம் சும்மா, ஒன்றுக்கும் உதவாது என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு. அதனால் கேள்விகளையும் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

அக்கா, இன்காக்னிட்டோ போட்டால் சரியாக என்ன நடக்கிறது?

குரோமில் இன்காக்னிட்டோ, ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் பிரைவேட், எட்ஜில் இன்பிரைவேட். பெயர்தான் வேறு, வேலை ஏறக்குறைய ஒன்று. ஆப்பிளின் சஃபாரியில் இது 2005-லேயே வந்துவிட்டது. குரோம் 2008-இல் வந்தபோது இதையும் சேர்த்தே கொண்டு வந்தது.

அந்த ஜன்னலைத் திறந்ததும் பிரவுசர் உங்களைப் புது ஆளாக நடத்தும். ஏற்கெனவே லாகின் செய்து வைத்திருந்த ஜிமெயில், ஃபேஸ்புக் எதுவும் அங்கே லாகினில் இருக்காது. பார்க்கும் பக்கங்கள் ஹிஸ்டரியில் ஏறாது. படிவங்களில் அடித்த பெயர், முகவரி அடுத்த முறை தானாக வந்து நிற்காது. ஒருவர் மறுபடி வந்தால் அடையாளம் தெரிவதற்காக வெப்சைட்டுகள் பிரவுசரில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்புக்குக் குக்கீ என்று பெயர். இன்காக்னிட்டோவில் விழும் குக்கீகள் ஜன்னலை மூடியதும் அழிந்துவிடும்.

இவ்வளவும் நடப்பது உங்கள் போனுக்குள், அல்லது நீங்கள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்குள் மட்டும். வீட்டுக்குள் பதிந்த கால்தடத்தைத் துடைத்துவிடும். தெருவில் நீங்கள் நடந்து போனதைப் பார்த்தவர்கள் பார்த்தவர்கள்தான். இது பிடிபட்டுவிட்டால் கீழே உள்ள பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிடலாம்.

மூடிய பிறகும் எதுவாவது மிச்சம் இருக்குமா?

இருக்கும். டவுன்லோடு செய்த ஃபைல் அப்படியே கிடக்கும். புக்மார்க் போட்டிருந்தால் அதுவும் நிற்கும். இந்த இரண்டும்தான் பலரை மாட்டிவிடுகின்றன. ஹிஸ்டரி காலியாக இருக்கும், ஆனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் வரிசையாக இருக்கும்.

இன்னொன்று, குரோமில் நீங்கள் திறந்த எல்லா இன்காக்னிட்டோ ஜன்னல்களும் சேர்ந்து ஒன்றாகத்தான் இயங்கும். ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றைத் திறந்தே விட்டால் லாகின் அப்படியே உயிரோடு இருக்கும். எல்லாவற்றையும் மூடினால்தான் மூடியதாக அர்த்தம். போனில் ஹோம் பட்டனை அழுத்தி வெளியே வருவது மூடுவது ஆகாது. மேலே நோட்டிஃபிகேஷனில் இன்காக்னிட்டோ டேப்களை மூடச் சொல்லி ஒரு வரி நிற்கும், அதைத் தொட்டு மூட வேண்டும். குரோம் செட்டிங்ஸில் பிரைவஸி பகுதிக்குள் போனால், குரோமை விட்டு வெளியேறியதும் இன்காக்னிட்டோ டேப்கள் பூட்டிக்கொள்ளும்படி வைக்கலாம். திரும்பத் திறக்க விரல்ரேகையோ பின் நம்பரோ கேட்கும். ஐபோனில் சஃபாரிக்கும் 2023-இல் வந்த ஐ.ஓ.எஸ். 17 முதல் இந்தப் பூட்டு உண்டு.

ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். கம்பெனிகளுக்குத் தெரியுமா?

எந்த வெப்சைட்டுக்குப் போனீர்கள் என்பது தெரியும். இன்காக்னிட்டோவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஏனென்றால் உங்கள் கோரிக்கை அவர்கள் லைன் வழியாகத்தான் வெளியே போகிறது.

ஆனால் எல்லாமே தெரியும் என்று பயப்படவும் வேண்டாம். இப்போது பெரும்பாலான வெப்சைட்டுகள் எச்.டி.டி.பி.எஸ். என்ற பூட்டிய வழியில் இயங்குகின்றன. ஒரு மருத்துவ வெப்சைட்டுக்குப் போனால் அந்த சைட்டின் பெயர் கம்பெனிக்குத் தெரியும். அதற்குள் எந்த நோயைப் பற்றிப் படித்தீர்கள், தேடல் பெட்டியில் என்ன அடித்தீர்கள், பாஸ்வேர்டு என்ன என்பது தெரியாது. அந்தப் பாதுகாப்பு சாதாரண ஜன்னலிலும் உண்டு. இன்காக்னிட்டோ கொடுப்பது அல்ல.

கூகுளுக்கு?

இன்காக்னிட்டோவில் ஜிமெயிலுக்குள் லாகின் செய்துவிட்டுத் தேடினால் அந்தத் தேடல் உங்கள் கூகுள் கணக்கில் பதிவாகலாம். மை ஆக்டிவிட்டி பக்கத்தில் போய்ப் பாருங்கள், அங்கே இருக்கும். நீங்கள் யார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிறகு பிரவுசர் என்ன செய்ய முடியும்?

லாகின் செய்யாவிட்டாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. ஏராளமான வெப்சைட்டுகள் தங்கள் பக்கங்களுக்குள் கூகுளின் விளம்பரக் கருவியையும், வருகை எண்ணும் கருவியையும் வைத்திருக்கின்றன. இன்காக்னிட்டோவில் போனாலும் அவை வேலை செய்கின்றன. இதை வைத்துத்தான் 2020-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். தனிமை என்று சொல்லிவிட்டுத் தகவல் சேகரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. குறைந்தது 500 கோடி டாலர் கேட்டார்கள். 2023 டிசம்பரில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன, 2024 ஏப்ரலில் அதன் விவரம் வெளியானது. அப்படிச் சேர்ந்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவோ அடையாளம் நீக்கவோ கூகுள் ஒப்புக்கொண்டது. பயனாளர்களுக்கு அந்தச் சமரசத்தில் பணம் எதுவும் இல்லை. இன்காக்னிட்டோ திறந்ததும் வரும் அறிவிப்பின் வாசகத்தையும் மாற்றினார்கள். நீங்கள் போகும் வெப்சைட்டுகளும் கூகுள் உட்பட அவை பயன்படுத்தும் சேவைகளும் தகவல் சேகரிக்கும் விதம் இதனால் மாறாது என்று இப்போது அங்கேயே எழுதியிருக்கிறது. அந்தக் கறுப்புத் திரையில் வருவதை யாரும் படிப்பதில்லை. ஒருமுறை நின்று படியுங்கள்.

லாகின் செய்யவில்லை, குக்கீயும் இல்லை. பிறகு எப்படி என்னை அடையாளம் காண்கிறார்கள்?

முதலில் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண். வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் வெளியே தெரிவது பொதுவாக ஒரே முகவரிதான். அதனால் நீங்கள் தேடிய மிக்ஸியின் விளம்பரம் தம்பி போனில் வந்தால் யாரோ ஒட்டுக்கேட்டதாக நினைக்க வேண்டாம். ஒரே வீடு என்று விளம்பரக் கம்பெனிகள் ஊகிக்க அந்த முகவரி போதும்.

இரண்டாவது, உங்கள் பிரவுசரின் சாயல். திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி, பிரவுசரின் பதிப்பு, நேர மண்டலம் எல்லாவற்றையும் வெப்சைட் கேட்டு வாங்க முடியும். தனித்தனியாக இவற்றுக்கு மதிப்பில்லை. சேர்த்து வைத்தால் கிட்டத்தட்ட ஒரு கைரேகை. அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் சுமார் 4.7 லட்சம் பிரவுசர்களைச் சோதித்தபோது, 83.6 சதவீதம் மற்ற எதனுடனும் ஒத்துப்போகாமல் தனியாகத் தெரிந்தன. இன்காக்னிட்டோ போடுவதால் திரையின் அளவு மாறப்போவதில்லை.

இதில் பிரவுசருக்குப் பிரவுசர் வித்தியாசம் உண்டு. குரோம் இன்காக்னிட்டோவில் மூன்றாம் தரப்புக் குக்கீகள், அதாவது நீங்கள் போன சைட் அல்லாமல் விளம்பரக் கம்பெனி போன்ற வேறு ஆட்கள் போடும் குக்கீகள், இயல்பாகவே தடுக்கப்படும். ஃபயர்ஃபாக்ஸின் பிரைவேட் ஜன்னல் பின்தொடரும் கருவிகளை இன்னும் கறாராகத் தடுக்கும். விளம்பரம் பின்னாலேயே வருவதுதான் உங்கள் தொல்லை என்றால் என் ஓட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கு.

காலேஜ் வைஃபை, ஆபீஸ் லேப்டாப்?

வைஃபை அவர்களுடையது என்றால் எந்த சைட் என்பது அவர்களுக்குத் தெரியும். லேப்டாப்பே அவர்கள் கொடுத்தது என்றால், அதில் கண்காணிப்பு மென்பொருள் இருந்தால் திரையில் இருப்பதைக்கூடப் பார்க்க முடியும். ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த விஷயம் வேண்டாம். வேறு வேலை தேடுவதும் சொந்த விஷயம்தான்.

ரயில்வே ஸ்டேஷன் இலவச வைஃபையைக் கேட்கிறவர்களுக்கு ஒன்று. மொபைல் நம்பர் கொடுத்து ஓ.டி.பி. போட்டுத்தான் உள்ளே போகிறீர்கள். அதற்குப் பிறகு இன்காக்னிட்டோ திறந்தாலும் அந்த நெட்வொர்க்குக்கு நீங்கள் யார் என்று தெரியும்.

உங்கள் கடை மாதிரி பிரவுசிங் சென்டரில் இன்காக்னிட்டோ உதவுமா?

கட்டாயம் உதவும். இன்காக்னிட்டோ நன்றாக வேலை செய்யும் இடங்களில் இதுவும் ஒன்று. உட்கார்ந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், ஜன்னல் வந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் என்-னுக்குப் பதிலாக பி. உங்களுக்குப் பின் உட்காருகிறவர் உங்கள் மெயிலுக்குள் போய்விடாமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. லாக் அவுட் செய்ய மறந்தாலும் எல்லா ஜன்னலையும் மூடிவிட்டால் போதும்.

ஆனால் கடைக்காரரிடமிருந்து மறைக்கும் என்று நினைக்காதீர்கள். 2011-இல் மத்திய அரசு கொண்டு வந்த சைபர் கஃபே விதிகளின்படி, வருகிறவரின் அடையாளச் சான்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பார்த்த வெப்சைட்டுகளின் பதிவை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். தடுப்பு 4½ அடிக்கு மேல் உயரக் கூடாது, தடுப்புக்குள் இல்லாத கம்ப்யூட்டர்களின் திரைகள் பொது இடத்தைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதுகூட அதில் இருக்கிறது. அந்தப் பதிவு உங்கள் பிரவுசர் ஹிஸ்டரியில் இருந்து எடுக்கப்படுவது அல்ல, நெட்வொர்க்கில் இருந்து வருவது.

அப்புறம், பிரிண்ட். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இ-ஆதார் பி.டி.எஃப்.பை டவுன்லோடு செய்து பிரிண்ட் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் தினமும் உண்டு. அதற்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்கிறார்கள். பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள், பிறந்த வருடம், அவ்வளவுதான் அந்தப் பாஸ்வேர்டு. உங்களைத் தெரிந்த யாருக்கும் அது தெரியும். பிரிண்ட் வந்ததும் ஃபைலை ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழித்துவிடுங்கள். வெறும் டெலீட் போட்டால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்திருக்கும். முடிந்த இடத்தில் எல்லாம் மாஸ்க்டு ஆதாரைப் பயன்படுத்துங்கள். அதில் முதல் 8 எண்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும்.

வாட்ஸ்அப் வெப்பும் இதே ரகம். ஃபைலை எடுக்க கியூ.ஆர். ஸ்கேன் செய்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சாதாரண ஜன்னலில் ஸ்கேன் செய்திருந்தால் உங்கள் உரையாடல்கள் எல்லாம் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும். இன்காக்னிட்டோவில் திறந்து மூடினால் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்து போய்விடும். எதற்கும் உங்கள் போனில் வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸ் பகுதிக்குப் போய், தெரியாத கம்ப்யூட்டர் எது இருந்தாலும் லாக் அவுட் கொடுங்கள். இதைப் படிக்கும்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பேங்க் லாகின் மட்டும் எந்தப் பிரவுசிங் சென்டரிலும் வேண்டாம், என் கடையிலும் வேண்டாம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் மென்பொருள் கம்ப்யூட்டரில் ஒளிந்திருந்தால் இன்காக்னிட்டோ அதைத் தடுக்காது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே போன். நான் தேடுவது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பெண்கள் கேட்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மாதவிடாய் தள்ளிப்போனது, மார்பில் கட்டி, மன அழுத்தம், விவாகரத்துச் சட்டம் என்று எதையாவது தேடிவிட்டு, மறுநாள் அப்பாவோ கணவரோ தேடல் பெட்டியில் ஒரு எழுத்து அடித்ததும் அது கீழே வந்து நிற்பதுதான் பயம். இன்காக்னிட்டோ இந்த இடத்தில் நன்றாகவே காப்பாற்றும். தேடியது அந்தப் பெட்டியில் வராது, ஹிஸ்டரியில் வராது, அதே ஜிமெயில் இருக்கும் வேறு போனுக்கும் போகாது. கூகுளின் ஜிபோர்டு கீபோர்டு குரோம் இன்காக்னிட்டோவில் தானும் அந்த முறைக்கு மாறிக்கொள்ளும், அடித்த சொற்களைக் கற்று வைக்காது. வேறு கம்பெனி கீபோர்டு என்றால் அந்த உறுதி இல்லை.

சில இடங்களில் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தொட்டால் அது பொதுவாக இன்காக்னிட்டோவில் திறக்காது. லிங்கைக் காப்பி செய்து இன்காக்னிட்டோவில் ஒட்டிப் பாருங்கள். யூடியூப் ஆப்பில் பார்த்த வீடியோவுக்கு குரோமின் இன்காக்னிட்டோ பொறுப்பில்லை. யூடியூப் ஆப்புக்குள்ளேயே தனியாக ஓர் இன்காக்னிட்டோ இருக்கிறது. மைக்கைத் தொட்டுப் பேசித் தேடுவதையும் தவிர்த்து, கையால் அடியுங்கள்.

இதற்கு அடுத்த கட்டம் ஒன்று உண்டு. நீங்கள் எங்கே போனீர்கள், யாரிடம் என்ன பேசினீர்கள் என்று சொல்லாமலே ஒருவருக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது, அவர் கையில் உங்கள் போன் பலமுறை இருந்திருக்கிறது என்றால், உளவு ஆப் எதையாவது போட்டிருக்கலாம். அந்த நிலையில் இன்காக்னிட்டோவை நம்பவே கூடாது. அந்த ஆப் பிரவுசருக்கு வெளியே இருந்து திரையையே பார்க்கும். அதை உடனே நீக்கவும் அவசரப்பட வேண்டாம், நீக்கியது வைத்தவருக்குத் தெரிந்துவிடும், கோபம் உங்கள் மேல் திரும்பும். உதவி தேடுவதை மட்டும் வேறு போனில் செய்யுங்கள். நம்பிக்கையான தோழியின் போனாக இருக்கலாம், வேலை செய்யும் இடத்துப் போனாக இருக்கலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உடல்நலச் சந்தேகத்துக்கு 104, மூன்றுக்கும் கட்டணம் இல்லை. சொந்தப் போனில் இருந்து பேசினால் கால் லிஸ்ட்டில் அந்த எண் நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

மறைத்துத் தேடுகிறாள் என்றாலே தப்புச் செய்கிறாள் என்று நினைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அது வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இன்காக்னிட்டோவில் பார்த்தால் ஆம்னி பஸ் டிக்கெட் விலை குறையுமா?

பொங்கலுக்கு சென்னையிலிருந்து மதுரைக்கு விலை ஏறுவது நீங்கள் திரும்பத் திரும்பப் பார்த்ததால் அல்ல, சீட் குறைவதால். லாகின் செய்தவருக்கு மட்டும் வரும் கூப்பனை இன்காக்னிட்டோவில் இழக்கவும் நேரலாம்.

வைரஸ் வராதா?

வரும். மின் கட்டணம் கட்டவில்லை, இன்று இரவு கரண்ட் கட் என்று வரும் போலி மெசேஜின் லிங்க் எந்த ஜன்னலில் திறந்தாலும் போலிதான்.

அப்படியானால் வி.பி.என். போட்டுவிட்டால் எல்லாம் சரியா?

வி.பி.என். என்பது உங்கள் இணையப் போக்குவரத்தைத் தன் கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பி அனுப்பும் சேவை. அதைப் போட்டால் நீங்கள் போகும் சைட் எது என்பது ஜியோவுக்குப் பதிலாக வி.பி.என். கம்பெனிக்குத் தெரியும். நம்பிக்கையை ஓர் இடத்தில் இருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கிறீர்கள். இலவச வி.பி.என். ஆப்பை யார் நடத்துகிறார்கள், அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். விடை தெரியாத எதையும் போனில் ஏற்ற வேண்டாம்.

இந்தியாவில் இன்னொரு விஷயம் உண்டு. செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், மெயில், ஐ.பி. முகவரி போன்றவற்றை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதை ஏற்க விரும்பாமல் எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு வி.பி.என். போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன.

சைட்டிடமும் லைன் கொடுப்பவரிடமும் ஒரே நேரத்தில் மறைய வேண்டும் என்றால் டோர் பிரவுசர்தான் அதற்காகவே செய்யப்பட்டது. மூன்று கம்ப்யூட்டர்கள் வழியாகச் சுற்றிப் போகும், அதனால் மெதுவாக இருக்கும். நீங்கள் டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது லைன் கொடுப்பவருக்குத் தெரியும், எங்கே போகிறீர்கள் என்பது தெரியாது. அதற்குள் போய் உங்கள் ஜிமெயிலில் லாகின் செய்தால் அதன் பயன் போய்விடும். பெரும்பாலானவர்களுக்கு அன்றாடத்துக்கு இது தேவைப்படாது.

என் பையன் இன்காக்னிட்டோ போடுகிறான். தடுக்க முடியுமா?

பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பில் அவன் கணக்கைச் சேர்த்தால் குரோமில் இன்காக்னிட்டோ திறக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு இது நல்ல ஏற்பாடு. ஒன்பதாவது, பத்தாவது போய்விட்ட பையனுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவன் வேறு பிரவுசரை ஏற்றிக்கொள்வான், நண்பன் போனில் பார்ப்பான், உங்களிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிடுவான். எதைத் தேடுகிறான் என்று கேட்க முடிகிற மாதிரி வீட்டை வைத்திருந்தால், நாளைக்கு யாராவது அவனை மிரட்டும்போது உங்களிடம் வருவான்.

திரை முழுக்க போலீஸ் நோட்டீஸ் வந்து அபராதம் கட்டச் சொன்னது. இன்காக்னிட்டோவில்தான் பார்த்தேன், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆபாச சைட்டுகளிலும் திருட்டுப் பட சைட்டுகளிலும் வரும் மோசடிப் பக்கம் அது. அசோகச் சின்னம் போட்டு, பிரவுசர் பூட்டப்பட்டுவிட்டது, இத்தனை மணி நேரத்துக்குள் கார்டில் பணம் கட்டு என்று வரும். பார்க்கிறவர் எல்லோருக்கும் அதே பக்கம்தான். நீங்கள் பார்த்ததை வீடியோ எடுத்துவிட்டோம் என்று வரும் மெயிலும் அநேகமாக இப்படித்தான், ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே மெயில். எந்தப் போலீஸும் பிரவுசர் பக்கத்தில் அபராதம் வசூலிக்காது. கம்ப்யூட்டரில் ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்தினால் போய்விடும். போனில் குரோமை முழுதாக மூடிவிட்டு, மறுபடி திறக்கும்போது அந்த டேப்பை மட்டும் மூடுங்கள்.

உண்மையான குற்றம் நடந்திருந்தால் போலீஸ் ஐ.பி. முகவரியை வைத்து, லைன் கொடுத்த கம்பெனியிடம் கேட்டு வருவார்கள். இன்காக்னிட்டோ அங்கே குறுக்கே நிற்காது.

பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் பேசுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். மதுரை மாநகருக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் போலீஸ் இருக்கிறது, நேரிலும் போகலாம். பணம் போன மெசேஜ், அந்தப் பக்கத்தின் முகவரி, கட்டிய கணக்கு எண் மூன்றையும் எடுத்து வையுங்கள். குரோம் இன்காக்னிட்டோ ஆண்ட்ராய்டு போனில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது, அதனால் வேறு போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.